இன்சுலின் ஏன் மாத்திரையாக வருவதில்லை? புரத மருந்துகளின் பயணமும் வீட்டாரின் பொறுப்பும்

நீரிழிவுப் பிரிவுக்கு வரும் நோயாளிகளும் அவர்களுடன் வரும் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதையே மாத்திரையாக் குடுக்கக் கூடாதுங்களா?" என்பதே அது. கேள்வி நியாயமானது. இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் மாத்திரை இருக்கும்போது இன்சுலினை மட்டும் நாள்தோறும் குத்திக்கொள்ள வேண்டியிருப்பது ஏன் என்பதை அறியும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.

விடை கிடைக்காதபோது மக்கள் தாமாகவே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்கின்றனர். ஊசி போட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள் எனச் சிலர் அஞ்சுகின்றனர். ஊசியின்றிக் குணமாக்குவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி வேறு சிலர் இன்சுலினை நிறுத்திவிடுகின்றனர். முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு குழந்தைக்கு இன்சுலின் நின்றுபோனால், ஓரிரு நாள்களுக்குள்ளேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கு ஆபத்து நேரிடலாம். ஆகவே இந்தக் கேள்விக்கான விடையை விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

நீரிழிவு நகரத்தாரின் நோய் என்ற எண்ணம் இன்று பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. ஈரோடு மாவட்டத்து நல்லாம்பட்டியில் கோயம்புத்தூர் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு, உழவுத் தொழில் செய்யும் சிற்றூர் மக்களிடமும் நீரிழிவும் அதன் முந்தைய நிலையும் மிகுந்திருப்பதைக் காட்டியது. தோட்டத்துச் சாளையிலும் மில் தொழிலாளர் குடியிருப்பிலும் இன்சுலின் குப்பி ஓர் அன்றாடப் பொருளாகிவிட்டது.

புரதம் மருந்தாகும்போது

நாம் வழக்கமாக விழுங்கும் மாத்திரைகளில் உள்ள மருந்துகள் மிகச் சிறிய மூலக்கூறுகள். பாராசிட்டமாலின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 151. இன்சுலினின் மூலக்கூறு எடையோ ஏறத்தாழ 5,800. அதாவது பாராசிட்டமாலைப் போல 38 மடங்கு. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் தரப்படும் எதிர்ப்பொருள் மருந்துகள் இன்னும் பெரியவை. அவற்றின் எடை ஒன்றரை இலட்சத்தை எட்டும்.

இன்சுலின் ஒரு புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 அமினோ அமிலங்கள் கொண்ட மற்றொரு சங்கிலியும் கந்தகப் பிணைப்புகளால் இணைந்து, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மடிந்து நிற்கின்றன. அமினோ அமிலங்களின் எண்ணிக்கை குறைவாக உள்ள இத்தகைய சங்கிலிகளைப் பெப்டைடு என்று அழைப்பர். இத்தகைய மருந்துகளின் ஆற்றல் அவற்றின் வடிவத்தில் இருக்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, உயிரணுவின் மேலுள்ள ஏற்பியில் அந்த வடிவம் சரியாகப் பொருந்தினால் மட்டுமே மருந்து வேலை செய்யும். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் நீர்மமாவதில்லை. வடிவம் குலைந்த புரதமும் பெரும்பாலும் அவ்வாறே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

வயிற்றில் நேர்வது என்ன?

நாம் உண்ணும் கொள்ளுப் பருப்பிலும் புரதம் இருக்கிறது. அதைச் சிதைத்து அமினோ அமிலங்களாகப் பிரிப்பதே இரைப்பையும் சிறுகுடலும் செய்யும் பணி. இரைப்பையின் அமிலம் புரதத்தின் மடிப்புகளை அவிழ்க்கிறது. பெப்சின் என்னும் நொதி அதை வெட்டுகிறது. சிறுகுடலில் டிரிப்சின் முதலான நொதிகள் மேலும் துண்டாக்குகின்றன. விழுங்கிய இன்சுலினைக் கொள்ளுப் பருப்பிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க வயிற்றுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுபோலவே செரிக்கப்பட்டுவிடும்.

ஒருவேளை ஒரு பகுதி தப்பிப் பிழைத்தாலும், அடுத்த தடையாகக் குடற்சுவர் நிற்கிறது. அதன் உயிரணுக்கள் நெருக்கமாக இணைந்து, வழுவழுப்பான சளிப்படலத்தால் மூடப்பட்டுள்ளன. சிறிய மூலக்கூறுகள் அதைக் கடந்து இரத்தத்தில் சேரும். பெரிய புரதங்களால் கடக்க இயலாது. இந்தத் தடை நம் நன்மைக்காகவே இருக்கிறது. அது தளர்ந்தால் உணவோடு வரும் நச்சுப்பொருள்களும் கிருமிகளும் எளிதில் இரத்தத்தில் கலந்துவிடும்.

ஊசி இவ்விரு தடைகளையும் தவிர்த்து, தோலுக்குக் கீழுள்ள கொழுப்புத் திசுவில் மருந்தைச் சேர்க்கிறது. ஊசி என்பது நோயின் கடுமையைக் காட்டும் அடையாளம் அன்று. அந்த மருந்தின் இயல்புக்கு ஏற்ற வழி அதுவே.

தோலுக்குக் கீழே தொடரும் பயணம்

1922ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று, கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அந்தச் சாறு தூய்மையாக இல்லை. எதிர்பார்த்த பலனும் கிட்டவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் மேலும் தூய்மைப்படுத்திய சாற்றை ஜனவரி 23 முதல் செலுத்தியபோது சிறுவனின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. மரணத்தின் விளிம்பில் இருந்த அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

அதன்பின் அறுபது ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. மனித இன்சுலினிலிருந்து அது சிறிது வேறுபட்டதாலும், முழுத் தூய்மை பெறாததாலும், சிலரது உடல் அதை அயற்பொருளாகக் கருதி எதிர்த்தது; ஊசி போட்ட இடம் தடித்தது, குழிந்தது. நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கிய மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபின் இச்சிக்கல் பெரிதும் குறைந்தது.

மற்றொரு சிக்கல் எஞ்சியது. குப்பியில் உள்ள இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தின் துணையோடு ஆறு ஆறாகக் கூடி நிற்கின்றன. தோலுக்குக் கீழே சென்றபின் அக்கூட்டம் பிரிந்து தனித்தனியானால்தான் அவை இரத்தத்தில் கலக்க முடியும். இதற்கு நேரம் பிடிக்கும். எனவேதான் சாதாரண மனித இன்சுலினை உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். கூட்டம் விரைவில் பிரியுமாறு மாற்றியமைக்கப்பட்ட புதிய இன்சுலின்களை உணவுக்குச் சற்று முன்பே போட்டுக்கொள்ளலாம். இரத்தத்தை அடைந்த இன்சுலின் சில நிமிடங்களே அங்கு நிலைத்திருக்கும். ஆதலால் மெதுவாகக் கரைந்து நாள் முழுதும் சிறிது சிறிதாக வெளிப்படும் நீண்டநேர இன்சுலின்களும் தேவையாயின. உங்கள் மருந்துச் சீட்டில் இரண்டு வகை இன்சுலின் எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. ஒன்று உணவுக்கானது, மற்றொன்று உணவு உண்ணாத நேரத்துக்கும் உரியது.

மாத்திரைக்கான முயற்சிகள்

இன்சுலினை வாய்வழி கொடுக்கும் முயற்சிகள் அது கண்டறியப்பட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டன. நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூருவைச் சேர்ந்த பயோகான் நிறுவனம் ஐஎன்-105 என்ற இன்சுலின் மாத்திரையை உருவாக்கி இந்திய நோயாளிகளிடம் சோதித்தது. மூன்றாம் கட்ட ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2011இல் அந்நிறுவனம் அறிவித்தது. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் உருவாக்கிய மற்றொரு மாத்திரை, நீண்டநேர இன்சுலின் ஊசிக்கு இணையாகச் சர்க்கரையைக் குறைத்தது. 2019இல் அம்முடிவு வெளியாயிற்று. ஆனால் விழுங்கிய இன்சுலினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தை அடைந்ததால் மிகப் பெரிய அளவு தேவைப்பட்டது. அத்தனை இன்சுலினை உற்பத்தி செய்வது கட்டுப்படியாகாது என்று அத்திட்டம் கைவிடப்பட்டது.

மாத்திரையாக வெற்றி பெற்ற பெப்டைடு மருந்தும் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவுக்குத் தரப்படும் செமாகுளூடைடு 2019இல் அமெரிக்காவில் மாத்திரை வடிவில் ஒப்புதல் பெற்றது. 2022இல் இந்தியாவுக்கும் வந்தது. மருந்தைச் சூழ்ந்து அமிலத்தைத் தணித்து, இரைப்பைச் சுவரைக் கடக்க உதவும் ஒரு துணைப்பொருள் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. அப்படியிருந்தும் விழுங்கிய மருந்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே இரத்தத்தில் சேர்கிறது. ஊசியாக வாரம் ஒரு முறை 1 மில்லிகிராம் தரப்படும் மருந்து, மாத்திரையாகும்போது நாள் ஒன்றுக்கு 14 மில்லிகிராம், அதாவது வாரத்துக்கு 98 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது.

இம்மாத்திரையை உட்கொள்வோர் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் காபி, தேநீர், உணவு, பிற மாத்திரைகள் எதுவும் கூடாது. காபியோடு சேர்த்து விழுங்கினால் அந்த நூற்றில் ஒரு பங்கும் கிட்டாமற் போகலாம். மேலும் இது இன்சுலினுக்கு மாற்று அன்று. முதல் வகை நீரிழிவு உள்ளோர் இதை நம்பி இன்சுலினை நிறுத்தக் கூடாது.

மூச்சுவழி இன்சுலினும் வந்தது. 2006இல் வந்த முதல் மருந்து மறு ஆண்டே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர் வந்த மற்றொரு மருந்துக்கு இந்தியாவில் 2024 டிசம்பரில் பெரியவர்களுக்கென ஒப்புதல் கிடைத்துள்ளது. உணவுநேர இன்சுலினுக்கு மட்டுமே இது மாற்றாகும். ஆஸ்துமா முதலான நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் புகைபிடிப்போரும் இதைப் பயன்படுத்தக் கூடாது. பஞ்சாலைத் தூசியில் பல்லாண்டுகள் உழைத்தோர் மிகுந்த நம் பகுதியில், நுரையீரல் பரிசோதனை இன்றி இதைத் தொடங்குவது தகாது.

வழி மாறினால் பலன் மாறும்

புரத மருந்துகளுக்கு அளவைப் போலவே செலுத்தும் இடமும் முக்கியம். நம் வயல்வெளிகளில் பாம்புக்கடி இன்றும் நேர்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து நம் நாட்டின் நஞ்சுமுறிவு மருந்து தயாராகிறது. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். அம்மருந்தை இரத்தநாளத்தின் வழியாகவே செலுத்த வேண்டும். கடிபட்ட இடத்தில் போடுவதால் பயனில்லை. குதிரைப் புரதத்தைச் சிலரது உடல் கடுமையாக எதிர்க்கும் என்பதால், அட்ரினலின் ஊசியை ஆயத்தமாக வைத்துக்கொண்டே தருகிறோம். இதனால்தான் கடிபட்டவரைக் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கே கொண்டுவர வேண்டும் என்கிறோம்.

வெறிநாய்க் கடிக்குத் தரும் இம்யூனோகுளோபுலினோ இதற்கு நேர்மாறானது. கிருமி இருக்கும் இடத்திலேயே அதை மடக்க வேண்டும் என்பதால், காயத்தின் உள்ளும் சுற்றிலும் அது செலுத்தப்படுகிறது. நீரிழிவால் விழித்திரை வீங்கியோருக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவதும் இத்தகைய காரணத்தாலேயே. கையில் போட்டால் போதிய மருந்து விழித்திரையைச் சென்று சேராது.

கடைசிப் பகுதி உங்கள் கையில்

ஆலையிலிருந்து மருந்துக்கடை வரை இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியசு குளிரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன்பின் உள்ள பயணத்தை வீட்டாரே நடத்துகின்றனர். ஈரோட்டிலும் கரூரிலும் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் வெப்பம் அதற்கும் மேல் ஏறும். வெப்பத்தால் கெட்ட இன்சுலின் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கக்கூடும். உணவும் அளவும் மாறாதிருக்கச் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனால், மருந்து கெட்டிருக்குமோ என்றும் ஐயுற வேண்டும்.

பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1. திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். உறைபெட்டியிலோ அதை ஒட்டியோ வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பழையபடி தோன்றினாலும் பயன்படாது.

2. பயன்பாட்டில் உள்ள குப்பியையோ பேனாவையோ வெயில் படாத, குளிர்ந்த அறையில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவற்றை, அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாதவரை, திறந்த நாளிலிருந்து 4 வாரம் பயன்படுத்தலாம். கோடையில் குளிர்சாதனப் பெட்டியே நல்லது. உங்கள் மருந்துக்குரிய கால அளவை உறையில் பாருங்கள். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதிவையுங்கள்.

3. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையே ஈர மணலை நிரப்பி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் இட்டு உள்ளே வைத்து மூடுங்கள். வறண்ட காற்றில் இது நன்கு குளிரும். மழைக்காலத்தில் குளிர்ச்சி குறையும்.

4. பேருந்தில் வரும்போது இன்சுலினைப் பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். துணியில் சுற்றி வையுங்கள்.

5. பால் போன்ற கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டிக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் புரதம் திரிந்து கட்டியாகலாம். தெளிந்த இன்சுலின் கலங்கியிருந்தாலோ, கலங்கல் இன்சுலினில் கட்டிகள் மிதந்தாலோ போடாதீர்கள்.

6. குப்பியும் சிரிஞ்சும் பொருந்த வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலில் சேர்வது 50 யூனிட். அது உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரையை உண்டாக்கும். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் சேர்வது 8 யூனிட் மட்டுமே.

7. ஊசி போடும் இடத்தை நாள்தோறும் மாற்றுங்கள். முன்பு குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிக் குத்துங்கள். ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கே வலி குறைவு என்பதால் பலர் அதையே நாடுகின்றனர். ஆனால் அக்கட்டியிலிருந்து மருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேராது. கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். முன்னதாக எங்களிடம் கேளுங்கள்.

8. தோலின் தடிப்பு, பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். ஆகவே பேனாவுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே பெரும்பாலோருக்குப் போதும். மருந்தைச் செலுத்தியபின் பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்காதீர்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோருக்குத் தனியாக ஒரு சொல். நடக்கும்போது தொடையில் குருதி ஓட்டம் மிகுவதால், அங்கே போட்ட இன்சுலின் விரைவாக இரத்தத்தில் கலக்கும். நடையும் சர்க்கரையைக் குறைக்கும். அந்நாள்களில் வயிற்றுப் பகுதியில் போடுவது நல்லது. புறப்படுவதற்கு முன் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மருந்தை வெயில் படாத பையில் வையுங்கள். குளுக்கோஸோ சர்க்கரையோ கைவசம் இருக்கட்டும். வெறுங்காலுடன் நடப்பதையும் நீரிழிவு உள்ளோர் தவிர்க்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு

காய்ச்சலோ வாந்தியோ வந்து குழந்தை சாப்பிடாதபோது, "சாப்பாடே இல்லையே, ஊசி எதற்கு?" என்று எண்ணி நிறுத்திவிடுவது முதல் வகை நீரிழிவில் பெருந்தீங்கு விளைவிக்கும். உணவு இல்லாவிடினும் உடலுக்கு இன்சுலின் தேவை. அளவு மாறலாம், முற்றிலும் நிறுத்தக் கூடாது. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த விரைந்த மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியவை கீட்டோன் பெருகியதன் அறிகுறிகள். இவற்றில் எது தோன்றினாலும் இரவு பகல் பாராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இன்சுலினை மாத்திரையாக்கும் ஆராய்ச்சி ஒரு நூற்றாண்டாகத் தொடர்கிறது. அது கைகூடும் நாளில் நாங்களே முதலில் உங்களுக்குச் சொல்வோம். அதுவரை இந்த நுண்ணிய புரதத்தை வடிவம் குலையாமல் காத்து, உரிய இடத்தில், உரிய நேரத்தில் உடலில் சேர்ப்பது மருத்துவத்தின் ஒரு பகுதியே. அதைச் செய்பவர்கள் நீங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் இன்சுலின், சிரிஞ்சு அல்லது பேனா ஆகியவற்றை உடன் கொண்டுவாருங்கள். நீங்கள் வைக்கும் முறையையும் போடும் முறையையும் எங்கள் செவிலியர் உங்களோடு அமர்ந்து பார்ப்பார்கள். ஐயம் எதுவாயினும் கேளுங்கள். கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.